அழுத்தாமல் போன பொத்தான்

பொன்னம்பல சாமிக்கு வயது நாற்பத்தொன்று. அவரிடம் பாடம் கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். யாராவது காலில் விழ வந்தால், "முட்டி வலிக்கும், வேண்டாம்" என்று தடுத்துவிடுவார்.

மடம் என்றால் பெரிய மடம் இல்லை. குன்றுக்குக் கீழே ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, நாலு வேப்பமரம். நான் அங்கே சமையல்காரன். பெயர் அங்குச்சாமி. இருபது வருடமாகச் சோறு வடிக்கிறேன். கூடத்தில் நடக்கிற பாடத்துக்கு நான் போவது குறைவு. போனால் குழம்பு அடிப்பிடித்துவிடும். ஆனால் சில சமயம் பாடம் சமையல்கட்டுக்கே வந்துவிடும். இதுவும் அப்படி வந்ததுதான்.

தமயந்தி என்று ஒரு சிஷ்யை. நாற்பத்தொன்பது வயது. எனக்குத் தங்கை மாதிரி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏழரை மணி பஸ்ஸில் வந்து இறங்குவாள்.

அவளுக்கு வேலை டவுனில். மின்தடைப் புகார்களைப் போனில் வாங்குகிற ஒரு தனியார் கம்பெனி. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் உட்கார வேண்டும். வீட்டில் கரண்ட் இருக்கும்போது யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. போனதும் கூப்பிடுகிறார்கள், கோபத்தோடு. அவளுக்கும் கம்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் கம்பம் போனை எடுக்காது, இவள் எடுப்பாள். அதனால் திட்டெல்லாம் இவளுக்கு.

எவ்வளவு திட்டினாலும் கூப்பிட்டவர்தான் முதலில் போனை வைக்க வேண்டும். இவள் வைக்கக் கூடாது. குரல் உயரக் கூடாது. முகம் தெரியாவிட்டாலும் சிரித்துக்கொண்டு பேச வேண்டும். ஒரு ஷிப்டுக்கு இரண்டு தடவை ஏழேழு நிமிடம் இடைவேளை. கக்கூஸுக்குப் போய்விட்டு வந்தால் டீ கிடையாது, டீ குடித்தால் கக்கூஸ் கிடையாது. எதிர்ச்சுவரில், 'உன் வேலையை நேசி' என்று ஒரு போஸ்டர். அதை ஒட்டியவருக்கு ஹெட்செட் கிடையாது என்று நினைக்கிறேன்.

விட்டுவிட்டுப் போகலாம்தானே என்று நீங்கள் கேட்கலாம். அவள் வீட்டுக்காரர் பரமசிவம் லாரி ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் முதுகெலும்பில் அடிபட்டுப் படுத்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை. மகள் நர்சிங் படிக்கிறாள். வீடு ஓடுவது தமயந்தியின் சம்பளத்தில்தான். வேறு வேலைக்கு எழுதிப் போட்டாள். இந்த வயதில் ஒருத்தரும் கூப்பிடவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் கூடத்தில் எல்லார் முன்னாலும் அவள் சாமியிடம் கேட்டாள்.

"தினமும் காலையில அந்த வாசப்படி ஏறும்போது வயித்தைப் பெரட்டுது, சாமி. அந்த வேலையை எனக்குப் பிடிக்கல. விடவும் முடியல. நான் என்ன செய்ய?"

"நேசிச்சுப் பாருங்கம்மா," என்றார் சாமி. "ஒவ்வொரு போனையும் பூசைக்குப் பூ எடுக்குற மாதிரி எடுங்க."

கேட்டவர்களெல்லாம் உருகிப்போனார்கள். அன்று நானும் கரண்டியோடு வாசலில் நின்று கேட்டேன். எனக்கும் கண் கலங்கியது. பொய் சொல்வானேன்.

நான் சொல்ல வந்தது அதற்கு எட்டு மாதம் கழித்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. சித்திரை வெயில். தமயந்தி வந்தாள், நேராகச் சமையல்கட்டுக்குள் நுழைந்தாள், அரிவாள்மனையை இழுத்துப் போட்டுக்கொண்டு பூசணிக்காயை அரிய ஆரம்பித்தாள். கூட்டுக்கு அரியச் சொன்னால் பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, அது கூட்டுக்கு. சட்னிக்கு இல்ல," என்றேன்.

கையை நிறுத்தினாள்.

"அண்ணே, நாளையோட வேலையை விடப் போறேன். கடுதாசி எழுதிப் பையில வச்சிருக்கேன்."

அந்த நேரம் பார்த்து, வெந்நீர் கேட்டுச் சாமி உள்ளே வந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். வெந்நீரை மறந்துவிட்டு, எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"என்ன நடந்துச்சும்மா?"

"ஒரு ஆளைத் திட்டிட்டேன், சாமி. அது அவரு காதுல விழுந்துருச்சு. நாளைக்குப் பதினோரு மணிக்கு விசாரணை. அவுக அனுப்புறதுக்கு முன்னாடி நானே போயிருதேன்னு..." அழுகை வந்துவிட்டது. "இங்க அடுப்படியில ஒரு ஓரம் குடுத்தீகன்னா இருந்துக்கிருவேன்."

"இருக்கலாம். பரமசிவத்தை என்ன செய்வீங்க?"

அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எட்டு மாசத்துக்கு முந்தி என்கிட்ட ஒண்ணு கேட்டீங்க. நான் என்ன சொன்னேன்?" என்றார் சாமி.

"நேசிக்கச் சொன்னீக."

"நேசிச்சீங்களா?"

"முடியல, சாமி. தினமும் முயற்சி பண்ணுனேன். பூ மாதிரி எடுக்கணும், பூ மாதிரி எடுக்கணும்னு சொல்லிக்கிட்டேதான் எடுப்பேன். எடுத்ததும் ஒருத்தன், 'ஏய்'னுவான். பூவெல்லாம் போயிரும்."

"அப்புறம்?"

"வீட்டுக்கு வந்து அழுவேன். சாமி சொன்னதைக்கூடச் செய்ய முடியலையேன்னு. முன்னாடி அந்த வேலையை மட்டுந்தான் பிடிக்காம இருந்துச்சு. அதுக்கப்புறம் என்னையும் எனக்குப் பிடிக்காமப் போச்சு."

உலை கொதித்தது. அரிசியைப் போட வேண்டும், ஆனால் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. சாமியின் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததே இல்லை.

"அந்தப் போன்ல நடந்ததை மொதல்ல இருந்து சொல்லுங்க," என்றார். "அவர் பேசுனது, நீங்க பேசுனது, ஒண்ணும் விட வேண்டாம்."

"மத்தியானம் ரெண்டு மணி. நகர்ல பாதி எடத்துல கரண்ட் இல்ல. இந்த ஆளு எட்டாவது தடவையாக் கூப்பிடுறாரு. எடுத்ததுமே திட்டு."

"என்னன்னு?"

"'ஏசி ரூம்ல ஒக்காந்து சம்பளம் வாங்குறியே, வெக்கமா இல்லையா? ஒன் வீட்டுல எழவு விழுந்தாத்தான் ஒனக்குப் புத்தி வரும்'னு. எங்க வீட்டுல படுத்துக் கெடக்குறவரை நெனச்சேன், சாமி. பொறுக்கல. மியூட்டை அழுத்திட்டேன்."

"அப்படின்னா?"

"ஒரு பொத்தான். அதை அழுத்திட்டா நம்ம பேசுறது அவுகளுக்குக் கேக்காது. அவுக பேசுறது நமக்குக் கேக்கும். பொறுக்க முடியலைன்னா அதை அழுத்திட்டு, வாய்க்கு வந்தபடி திட்டிக்குவோம். அப்புறம் மியூட்டை எடுத்துட்டு, 'காத்திருந்ததுக்கு நன்றி சார்'னு சொல்லுவோம். அங்க வேலை பாக்குற அம்பது பேரும் அப்படித்தான்."

"நல்ல ஏற்பாடு," என்றார் சாமி. கேலியாகச் சொல்லவில்லை.

"அன்னிக்கு வெரல் சரியாப் படல. அழுத்திட்டதாத்தான் நெனச்சேன். பொத்தான் விழல."

"என்ன திட்டுனீங்க?"

"வேணாம், சாமி. மடத்துல வச்சு அதைச் சொல்லவா?"

"சொல்லுங்க. பூசணிக்காயும் அங்குச்சாமியுந்தான் இருக்காங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "'நாசமாப் போறவனே, ஒன் வாய் அழுகிப் போக, ஒன் நாக்குல புழு வைக்க'ன்னு."

"மனசாரச் சொன்னீங்களா?"

"மனசாரத்தான்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான், சாமி."

"போன் அதோட முடிஞ்சுதா?"

"இல்ல. நாலு நிமிசத்துக்கு மேல ஓடுச்சு."

"திட்டுனது எவ்வளவு நேரம்?"

யோசித்தாள். "அஞ்சு செகண்டு இருக்கும்."

"மிச்ச நேரம் என்ன செஞ்சீங்க?"

இதை யாரும் கேட்பார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. ஏதோ வேண்டாத சமாச்சாரத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"மேசையில இன்னொரு போன் இருக்கும். அதுல அந்தத் தெருவுக்குரிய லைன்மேனைக் கூப்பிட்டேன்."

"எதுக்கு?"

"அந்த ஆளு திட்டுறதுக்கு நடுவுல ஒரு வார்த்தை சொன்னாரு. 'எங்கம்மா ஆக்சிஜன் மெசின்ல இருக்கா, இன்வர்ட்டர் இன்னும் அரைமணி நேரந்தான் தாங்கும்'னு. அதுக்கு முந்தி ஏழு தடவை கூப்பிட்டிருக்காரு, ஏழு தடவையும் யாரும் அதைக் குறிச்சு வைக்கல. அவரு திட்டுனதுல அந்த வார்த்தை அமுங்கிப் போயிருக்கும். நான் லைன்மேன்கிட்டச் சொன்னேன். 'அண்ணே, ஆறாவது குறுக்குத் தெருவுல ஒரு கெழவி மூச்சுக்குக் கஷ்டப்படுது. மொதல்ல அங்க போங்க'ன்னு."

"அவர் என்ன சொன்னார்?"

"வேற தெருவுல கம்பத்து மேல இருக்கேன், ஒரு மணி நேரம் ஆகும்னாரு. 'எறங்குங்க'ன்னேன். 'வரிசைப்படிதான் வருவேன், என் மேல எழுதிக் குடுக்கப் போறியா'ன்னாரு. 'எழுத மாட்டேன், நேரா வந்து நானே கம்பத்துல ஏறுவேன்'னேன். சிரிச்சுட்டாரு. 'சரிம்மா, எறங்குறேன்'னாரு. வண்டிச் சத்தம் கேக்குற வரைக்கும் நான் போனை வைக்கல."

"இதெல்லாம் அந்த ஆளுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுத்தான் இருக்கும், சாமி. அப்ப எனக்கு அந்த நெனப்பே இல்ல. லைன்மேன் கெளம்புனதும் மியூட்டை எடுக்கப் பொத்தானை அழுத்துனேன். 'சார், லைன்ல இருக்கீங்களா'ன்னேன். அவரு, 'ஹலோ ஹலோ'ங்கிறாரு. நான் பேசுறது அவருக்குக் கேக்கல. குனிஞ்சு பாத்தா பொத்தான்ல செவப்பு லைட்டு எரியிது. மியூட்ல இருந்தாத்தான் செவப்பு எரியும். அப்பத்தான் தெரிஞ்சுச்சு, அதுவரைக்கும் அது மியூட்லயே இல்லைன்னு."

அரிவாள்மனையை நான் மெல்ல இந்தப் பக்கம் நகர்த்திவைத்தேன்.

"திரும்ப அழுத்துனேன். 'சார்'னேன். அவரு ஒண்ணும் பேசல. மூச்சு விடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் வச்சுட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு எனக்கு நோட்டீஸ். அந்த அழைப்பைப் பத்தி வாடிக்கையாளர் கடிதம் அனுப்பியிருக்கார், விளக்கம் சொல்ல வரவும்னு."

சாமி நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவர் வாய் அழுகணும்னு சொன்னது மனசாரத்தானே?"

"ஆமா."

"அவங்க அம்மா பிழைக்கணும்னு லைன்மேன்கிட்டச் சண்டை போட்டது?"

"அதுவும் மனசாரத்தான், சாமி. கெழவி என்ன பாவம் செஞ்சுச்சு?"

"ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்?"

"நேரமே இல்ல. திட்டிக்கிட்டேதான் அந்தப் போனை எடுத்தேன்."

சாமி என் பக்கம் திரும்பினார்.

"அங்குச்சாமி, போன ஐப்பசியில ரசத்துல உப்பைக் கொட்டிட்டீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு, சாமி."

"அதுக்கப்புறம் மூணு நாள் நான் உங்களைச் சாப்டீங்களான்னு கேக்கல. கவனிச்சீங்களா?"

கவனித்திருந்தேன். மனசுக்குக் கஷ்டமாகக்கூட இருந்தது. ஆனால் அதைச் சொல்லிக்காட்டுவது மரியாதையில்லை என்று சும்மா இருந்தேன்.

"ஒரு ரசத்து மேல வந்த கோவம் ஆறவே எனக்கு மூணு நாள் ஆகுது," என்றார் சாமி, தமயந்தியைப் பார்த்து. "உங்களுக்கு ஒரு மூச்சுகூட ஆகல."

அவளுக்கு இது பாராட்டு என்று புரியவே இல்லை. "ஆனா திட்டுனது தப்புத்தானே, சாமி?" என்றாள்.

"தப்புத்தான். நாளைக்குப் போங்க. கடுதாசியைக் குடுக்காதீங்க. நடந்ததைச் சொல்லுங்க. திட்டுனதையும் சொல்லுங்க, ஒரு எழுத்துக் குறைக்க வேண்டாம். லைன்மேனைக் கூப்பிட்டதையும் சொல்லுங்க, அதையும் குறைக்க வேண்டாம்."

"அனுப்பிட்டாகன்னா?"

"அனுப்பிட்டா எல்லாருமா உக்காந்து யோசிப்போம். நீங்களா போகாதீங்க."

"அதுக்கப்புறம்? வேலை இருந்துச்சுன்னா? மறுபடி அந்த வேலையை நேசிக்கணுமே, சாமி."

"வேண்டாம்," என்றார் சாமி. "நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கிறேன். பத்தொன்பது வயசுல இங்க வந்தேன். பிடிச்ச வேலையை மட்டுமே செஞ்சுக்கிட்டு இருக்கேன். எனக்குத் தெரியாத ஒண்ணைப் பத்தி உங்களுக்குச் சொல்லிட்டேன். எட்டு மாசம் அழ வச்சுட்டேன்."

சொல்லிவிட்டுக் கை கூப்பினார். அவள் பதறிப்போய் எழுந்தாள். மடியிலிருந்த பூசணிக்காயெல்லாம் தரையில் கொட்டியது.

இருபது வருடத்தில் எத்தனையோ சாமியார்களைப் பார்த்துவிட்டேன். வெளியூரிலிருந்து வருவார்கள், பேசுவார்கள், சாப்பிடுவார்கள், போவார்கள். சொன்னது தப்பு என்று கை கூப்பியவர் இவர் ஒருவர்தான். அன்று எனக்கு அவர் மேல் இருந்த மதிப்பு இரண்டு மடங்கானது.

மறுநாள் விசாரணையில் நடந்ததைப் பிற்பாடு தமயந்தி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

மேனேஜர் ஓர் அம்மாள். பக்கத்தில் தமயந்தியின் டீம் லீடர், இருபத்தாறு வயதுப் பையன். கம்ப்யூட்டரில் பதிவைப் போட்டார்கள். அந்த ஆள் திட்டியது கேட்டது. பிறகு தமயந்தியின் குரல். 'ஒன் நாக்குல புழு வைக்க' என்று அந்தக் கண்ணாடி அறைக்குள் கணீரென்று கேட்டது. டீம் லீடர் பையன் மேசையைப் பார்த்துக்கொண்டான். மியூட்டை அழுத்திவிட்டு அவன் என்னென்ன சொல்லியிருக்கிறான் என்பது அவனுக்குத்தானே தெரியும்.

"இது உங்க குரல்தானா?" என்றாராம் மேனேஜர்.

"என் குரல்தாங்க, மேடம்."

மேனேஜர் பதிவை நிறுத்தப் போனார். தமயந்திக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "இன்னும் இருக்கு, மேடம். முழுசாக் கேட்டுருங்க," என்றாள்.

கேட்டார்கள். லைன்மேனோடு போட்ட சண்டை முழுவதும் ஓடியது. கடைசியில் அந்த ஆளின் ஹலோ ஹலோ, பிறகு அந்த மூச்சுச் சத்தம்.

மேனேஜர் மேசை மேல் இருந்த கடிதத்தை எடுத்துப் படித்தார். அந்த ஆள் எழுதியது.

'அந்த அம்மாள் என்னைத் திட்டியது உண்மை. நான் பேசிய பேச்சுக்கு அது குறைச்சல். என் தாயார் உயிரோடு இருக்கிறார். லைன்மேன் வந்தபோது இன்வர்ட்டரில் ஆறு நிமிடம்தான் மிச்சம் இருந்தது. இதை யாரிடம் சொல்வதென்று தெரியாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.'

தமயந்தி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாளாம்.

உடனே மாலை மரியாதை நடந்ததென்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனி கம்பெனிதான். திட்டியதற்காக எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டாள்.

புறப்படும்போது மேனேஜர் கேட்டார்.

"உங்களுக்கு இந்த வேலை பிடிக்கலை, இல்லையா?"

ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால் பொய் சொல்லியிருப்பாள்.

"பிடிக்கல, மேடம்."

"அப்புறம் ஏன் அந்த லைன்மேனோட அப்படிச் சண்டை போட்டீங்க?"

"பிடிக்காதது எனக்குத்தானே, மேடம். கரண்ட் போனது அவுகளுக்கு."

மேனேஜர் எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார்.

பதினொன்றே முக்காலுக்கு அவள் மறுபடி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.

இதெல்லாம் டவுனில் நடந்துகொண்டிருந்தபோது மடத்திலும் ஒன்று நடந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் சாமி என்னிடம் வந்தார்.

"அங்குச்சாமி, இந்த மடத்துல எனக்குச் சுத்தமாப் பிடிக்காத வேலை எது?"

இதற்கு யோசிக்க வேண்டியதே இல்லை. "கக்கூஸ் கழுவுறது, சாமி. நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டீங்க."

"யார் கழுவுறாங்க?"

"முறை வச்சுச் சிஷ்யர்கள் கழுவுறாங்க. உங்க பேரை யாரும் எழுதுறதில்ல."

"எழுதுங்க. இந்த வாரம் முழுக்க," என்றார்.

எனக்குப் பதறியது. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியும் துடைப்பமுமாகப் போனார். முதல் நாள் பாதியில் வெளியே ஓடிவந்து வேப்பமரத்தடியில் குமட்டினார். முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி உள்ளே போனார். புதன்கிழமை உள்ளே ஏதோ முணுமுணுப்புச் சத்தம் கேட்டது. மந்திரம் சொல்கிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். மந்திரம் இல்லை. சாமி வாயில் அந்த மாதிரி வார்த்தையெல்லாம் வரும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன். சொன்னால் வெட்கப்படுவார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஏழரை மணி பஸ்ஸில் தமயந்தி வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. உட்கார்ந்து, விசாரணையில் நடந்ததை எனக்குச் சொன்னாள்.

"அப்புறம் இந்த வாரம் எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"எப்பவும் போலத்தாண்ணே. விசாரணை முடிஞ்சு ஒக்காந்த மொதப் போன்லயே ஒருத்தன் திட்டுனான்."

"நீ?"

"செவப்பு லைட்டு எரியுதான்னு ரெண்டு தடவை பாத்துட்டு நானும் திட்டுனேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் சிரித்து நான் பார்த்து ஒரு வருடம் இருக்கும்.

"வீட்டுக்குப் போயி அழுதியா?"

"அழுகை வரலைண்ணே. வயித்தைப் பெரட்டுறது மட்டும் அப்படியே இருக்கு. நேத்துப் படியேறும்போதும் பெரட்டுச்சு. பெரட்டுனாப் பெரட்டட்டும்னு ஏறிட்டேன்."

அந்த நேரம் பின்கட்டிலிருந்து சாமி வந்தார். கையில் துடைப்பம், வேட்டியெல்லாம் ஈரம். தமயந்தி அரண்டுபோய் எழுந்து நின்றாள்.

"என்ன சாமி இது?"

"கக்கூஸ் கழுவிட்டு வரேன்."

"நீங்களா? எதுக்கு?"

"எனக்குப் பிடிக்காத வேலைன்னு அங்குச்சாமி சொன்னார்."

"இப்பப் பிடிச்சிருக்கா?"

"இல்ல," என்றார் சாமி. "ஆறு நாளாச்சு. கொஞ்சங்கூடப் பிடிக்கல. நீங்க போயி எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. எங்க ஆளுங்க யாரும் நெசத்தைச் சொல்ல மாட்டேங்கிறாங்க."

அவள் தயங்கினாள். சாமி நகரவில்லை. வேறு வழியில்லாமல் போனாள். ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்க்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தாள்.

"முன்பக்கமெல்லாம் நல்லா இருக்கு, சாமி."

"பின்பக்கம்?"

"கடைசிக் கக்கூஸ்ல, கதவுக்குப் பின்னாடி மூலையில கொஞ்சம் விட்டுருக்கு."

சாமி தலையாட்டினார்.

"அந்த மூலைக்கு வரும்போதுதான் எனக்கு வெறுப்புத் தாங்கல. அதோட விட்டுட்டு வந்துட்டேன்."

ரொம்ப நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னையும் சரி, இந்த மடத்தில் வேறு யாரையும் சரி, அவர் அப்படிப் பார்த்ததில்லை. பெரியவர்களைப் பார்க்கிற பார்வை அது. பிறகு வாளியை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினார்.

தமயந்தி ஓடிப்போய்த் துடைப்பத்தைப் பிடித்தாள்.

"குடுங்க, சாமி. நான் செஞ்சுருதேன். எனக்கு ரெண்டு நிமிச வேலை."

சாமி துடைப்பத்தை விடவில்லை.

"நீங்க உக்காருங்கம்மா," என்றார். "உங்களுக்கு இன்னிக்கு லீவு."